சிவப்பு ஜாடியின் அடிவட்டம்

என் கணவர் ஓஸ்வால்ட் பள்ளிக்கூட வாத்தியார். சீனத்துப் பழைய பீங்கான் சேர்ப்பார். அதிலும் பூ, பறவை எதுவும் வரையாமல் ஒரே நிறத்தில் மெருகிட்டது மட்டும். 1931-இல் ஒருநாள், ஏலத்தில் பழைய சாமான் எடுத்து விற்கும் மதலைமுத்து, காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஜாடியைக் கொண்டுவந்தார். உடல் முழுக்க ரத்தச் சிவப்பு. வாய் விளிம்பு மட்டும் வெள்ளை.

"சூளைல நிறம் கீழ வழிஞ்சிடும்மா. அதான் வாய் வெளுத்திருக்கு," என்றார். "சார், மெருகு இல்லாத அடிவட்டத்துல நாக்கு வச்சிப் பாருங்க. பழசுன்னா ஒட்டும்."

"ஏங்க, எவன் எதை ஊத்தி வச்சிருந்தானோ," என்றேன்.

"உன் கருவாட்டுச் சட்டியை விடவா டோரதி?" என்று சிரித்துக்கொண்டே நக்கினார்.

நாக்கு ஒட்டியது. பிய்த்துத்தான் எடுத்தார்.

மறுநாளிலிருந்து ஜாடி இருந்த மேஜையில் ஈர வளையம் படிந்தது. துடைத்த துணியில் மீன் கழுவிய தண்ணீரின் நாற்றம். ஈக்கள் அதன் அடியிலேயே மொய்த்தன. அவற்றைக் கையால் விலக்கிவிட்டு அவர் நக்குவார். ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கிய அதே நாக்கு.

அவர் உதடுகள் வெளுத்தன. ரத்தசோகை என்றார் டாக்டர்.

ஜாடியின் வாய் சிவந்துகொண்டே வந்தது.

"திருப்பிக் குடுத்திடலாங்க," என்று கெஞ்சினேன்.

"நான் நாக்கை வைக்கல டோரதி," என்றார் மெதுவாக. "அது இழுக்குது."

நாற்பதாம் நாள் இறந்தார்.

பெட்டியை மூடுமுன் கடைசி முத்தம் கொடுக்கச் சொன்னார்கள். நெற்றியில் கொடுத்திருக்கலாம். வெளுத்த அந்த உதட்டில் கொடுத்தேன்.

என் உதடு ஒட்டியது.

அடக்கம் முடிந்ததும் மதலைமுத்து ஜாடியைத் துணி துவைக்கும் கல்லில் போட்டு உடைத்தார். "உள்ள வெள்ளையா இருக்கணுமேம்மா," என்று முணுமுணுத்தார். உடைந்த ஓரமெல்லாம் பச்சை இறைச்சிபோல் ஈரமாகச் சிவந்திருந்தது. அங்கேயே வாந்தி எடுத்தார். சில்லுகளைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

பதினோரு வருடமாக என் வீட்டில் பீங்கானே இல்லை. இன்று காலை பக்கத்து வீட்டு மௌரீன் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள், பீங்கான் கோப்பையில். குடித்துவிட்டு அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் பேச்சை நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, என்ன பண்றீங்க?"

கோப்பையைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

அடிவட்டத்தில் என் நாக்கு ஒட்டியிருந்தது.