மதுஷா தோற்றுக் குதித்த நாள்

பம்பரம் ஒன்று பறந்து வந்து தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தது.

"மதுஷா! அது என்னோடது, தேடி எடு!" என்று மேலிருந்து ரஜீவ் கத்தினான்.

மதுஷா குனிந்து செடிகளின் அடியில் கைவிட்டுத் தேடினாள். பம்பரம் கிடைத்தது. அதனுடன் ஓர் அட்டையும் அவளுடைய விரலில் ஏறிக்கொண்டது. அட்டையைச் சுண்டி எறிந்துவிட்டு, பம்பரத்தை மேலே வீசினாள்.

பசறை ஊருக்கு மேலே மலையில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சமதரை என்று சொல்லத்தக்க இடம் ஒன்றே ஒன்றுதான்: பெரட்டுக் களம். காலையில் தொழிலாளர்கள் அங்கே கூடி, பெயர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். மாலையில் அந்தச் சீமெந்துத் தரை பிள்ளைகளுக்குச் சொந்தம். டிசம்பர் விடுமுறை வந்ததிலிருந்து அங்கே ஓயாத பம்பரப் போர்.

தரையில் கரியால் ஒரு பெரிய வட்டம் போட்டிருந்தார்கள். இருவர் எதிரெதிரே நின்று, ஒரே நேரத்தில் பம்பரம் விட வேண்டும். வட்டத்துக்குள் கடைசிவரை சுற்றும் பம்பரம் வெல்லும். மோதலில் தூக்கி எறியப்படும் பம்பரமோ, களத்தின் விளிம்பைத் தாண்டிக் கீழே தேயிலைக்குள் விழும். அதை எடுத்துக் கொடுக்க ஒருவர் கீழே நிற்க வேண்டும்.

கீழே நிற்பவருக்கு நாளுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஆட்டம் முடியும் நேரத்தில் அன்றைய வெற்றியாளருடன் மோதலாம். வென்றால் மேலே வரலாம். தோற்றவர் கீழே போவார். மதுஷா ஒவ்வொரு நாளும் மோதினாள். ஒவ்வொரு நாளும் தோற்றாள். மறுநாள் அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு மறுபடியும் கீழே வந்து நின்றாள்.

வெற்றியாளன் எப்போதும் ஒருவனே: றிஸாத். தோட்டத்துக் கடைக்காரர் புஹாரியின் மகன்.

"எல்லாம் கைவீச்சு!" என்று அவன் புயத்தை மடக்கிக் காட்டுவான்.

"நானா தினமும் வீட்டுல இடியப்பம் பிழியிறாரு. அந்தப் பலம்!" என்று, அண்ணனை ‘நானா’ என்றழைக்கும் அவனுடைய தம்பி ஷாஹ்மி விளக்கம் கொடுப்பான்.

"வாய மூடுடா!"

மதுஷாவும் சிரித்தாள். ஆனால் அவளுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. கைப்பலம்தான் காரணம் என்றால், விறகுக் கட்டைத் தலையில் சுமந்து மலையேறும் ரஜீவ் ஏன் தோற்கிறான்?

அவள் நின்ற இடத்தில் களத்தின் விளிம்பு அவளுடைய மோவாய் உயரத்தில் இருந்தது. சீமெந்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தைக் கவனித்தாள். றிஸாத் வழக்கம்போல், வட்டத்தருகே வேலை மணி தொங்கும் மணித்தூணின் பக்கம் நின்று பம்பரம் விட்டான். அவன் தன் தொப்பியை அந்தத் தூணில் மாட்டுவதால் அங்கேயே நிற்பது வழக்கம். அவனுடைய பம்பரம் விழுந்த இடத்திலேயே அசையாமல் நின்று சுற்றியது. எதிரியின் பம்பரம் அங்குமிங்கும் அலைந்தது. பிறகு யாரோ இழுத்ததுபோல் றிஸாத்தின் பம்பரத்தை நோக்கிச் சரிந்து வந்து, மோதி, வெளியே பறந்தது.

"அதை யார் இழுக்கிறது?" என்று மதுஷா முணுமுணுத்தாள்.

அன்று மழை பிடித்துக்கொண்டதால் ஆட்டம் நின்றது. மழை விட்டதும் மதுஷா மீண்டும் எட்டிப் பார்த்தாள். தரையெல்லாம் தண்ணீர் வடிந்துவிட்டது. மணித்தூணுக்கு முன்னால் மட்டும், வட்டத்துக்குள்ளே, ஒரு சோற்றுத்தட்டின் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது.

மறுநாள் நண்பகலில் யாரும் வருவதற்கு முன் அவள் களத்துக்குப் போனாள். உருண்டையான தேயிலைக் காய் ஒன்றை அந்த இடத்தின் அருகே உருட்டிவிட்டாள். அது சரிந்து போய் அங்கேயே நின்றது. வேறு பக்கமிருந்து உருட்டினாள். அப்போதும் அங்கேயேதான் நின்றது.

மாலையில் அவளுடைய முறை வந்தது.

"இன்னைக்கு நான் மணித்தூண் பக்கம் நிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எங்க நின்னா என்ன? வீசுற கை ஒண்ணுதானே!" என்றான் றிஸாத்.

இருவரும் கயிற்றைச் சுற்றினார்கள். இருவரும் வீசினார்கள். மதுஷாவின் பம்பரம் பள்ளத்தில் இறங்கி, தூங்குவதுபோல் அசைவின்றிச் சுற்றியது. றிஸாத்தின் பம்பரம் அலைந்தது, சரிந்தது, மோதியது. பிறகு துள்ளிப் பறந்து தேயிலைக்குள் மறைந்தது.

எல்லோரும் விளிம்பில் எட்டிப் பார்த்தார்கள்.

"நானா, சவர்க்காரம் எடுத்துட்டு வரவா?" என்று ஷாஹ்மி மெல்லக் கேட்டான்.

மற்றவர்கள் மதுஷாவைச் சூழ்ந்துகொண்டு கூச்சலிட்டார்கள். அவளோ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தடவை விடணும். இடத்தை மாத்தி விடணும்" என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றான் ரஜீவ். "ஜெயிச்சாச்சு. இப்ப தோத்தா திரும்பவும் கீழதான்!"

மதுஷா கீழே பார்த்தாள். நேற்று அட்டை கடித்த இடம் இன்னும் அரித்தது.

"ஜெயிச்சது என் கையா, இந்த இடமா? அது எனக்குத் தெரியணும்" என்றாள்.

றிஸாத் தன் பம்பரத்தைத் தேடி எடுத்து வந்து, மணித்தூண் பக்கம் நின்றான். மதுஷா எதிர்ப்பக்கம் நின்றாள். இம்முறை அலைந்தது அவளுடைய பம்பரம். சரிந்து, மோதி, விளிம்பைத் தாண்டிப் பறந்ததும் அதுவே.

"சரிதான்! நான் நினைச்சது சரிதான்!" என்று மதுஷா துள்ளிக் குதித்தாள்.

றிஸாத் திகைத்துப்போனான். "ஏய், தோத்தது நீ. குதிக்க வேண்டியது நான்!"

மதுஷா சட்டைப் பையிலிருந்து தேயிலைக் காயை எடுத்து உருட்டிக் காட்டினாள். றிஸாத்தும் உருட்டிப் பார்த்தான். பிறகு பள்ளத்தை உள்ளங்கையால் தடவினான். அவனுடைய முகம் வாடிவிட்டது.

"அப்ப என் கைவீச்சு?"

"பள்ளம் பம்பரத்தைச் சுத்த வைக்காது, றிஸாத். இவ்வளவு நேரம் அதைத் தூங்க வச்சது உன் கைதான்" என்றாள் மதுஷா.

அவன் முகம் சற்றுத் தெளிந்தது. "நாங்க தினமும் இதுமேலயே நிக்கிறோம். எங்க யாருக்கும் தெரியல. உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிச்சு?"

"மேல நின்னா தரை தட்டையாத்தான் தெரியும். கீழ நின்னு கன்னத்தை வச்சுப் பாரு."

இதைச் சொல்லிவிட்டு, விதிப்படி மதுஷா கீழே இறங்கினாள். சற்று நேரத்தில் றிஸாத்தும் இறங்கி வந்து, விளிம்பில் கன்னத்தை வைத்தான்.

"அட, ஆமா! அதோ இன்னொரு பள்ளம்!"

"எங்க? எங்க?" என்று ரஜீவ் ஓடி வந்தான்.

"எனக்கு எட்டல, யாராவது தூக்குங்க!" என்று ஷாஹ்மி கத்தினான்.

அன்று பொழுது சாயும்வரை கீழே நிற்க இடம் போதவில்லை. மேலே பம்பரம் விடத்தான் ஆளில்லை.