மூன்றாவது அட்டை

எங்கள் கோழிக் கொட்டகையில் மூன்று வெள்ளை அட்டைகள் தொங்கும். ஈக்கள் வந்து உட்கார்ந்தால் அவற்றின் எச்சம் அதில் கறுப்புப் புள்ளிகளாக விழும். சனிக்கிழமைதோறும் புள்ளிகளை எண்ணி, நோட்டில் எழுதி, புது அட்டை மாட்டுவது என் வேலை. ஐம்பதைத் தாண்டினால் உடனே அப்பாவிடம் சொல்ல வேண்டும். ஈக்களுக்கு முட்டையிட எங்கேயோ ஈரமான இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் இரண்டு அட்டைகள் வாசல் அருகே. மூன்றாவது அட்டை கொட்டகையின் மறுகோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அங்கே நாற்றம் குடலைப் பிடுங்கும். அதனால் ஒரு மாதமாக நான் அங்கே போகவே இல்லை. வாசலில் நின்றபடியே மூன்றாவது அட்டைக்கு ஒரு வாரம் பன்னிரண்டு, மறுவாரம் பதினான்கு என்று எழுதினேன். ஒரே எண்ணை எழுதினால் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிடும் அல்லவா?

பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தையின் மகள்தான் என் உயிர்த்தோழி. ஒருநாள் பள்ளியில் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஓர் ஈ செத்துக் கிடந்தது.

"ஐயே! இன்னிக்கு ஈக் குழம்பா?" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். வகுப்பே சிரித்தது.

நானாவது சும்மா இருந்தேனா? "உங்க வீட்ல குப்பையே கூட்ட மாட்டீங்களாடி?" என்றேன். சிரிப்பு இன்னும் பெரிதானது.

அவள் டப்பாவை மூடிவிட்டாள். அன்று அவள் சாப்பிடவே இல்லை.

மாலையில் அத்தை ஒரு வெள்ளைச் சட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க கொட்டகையில ஈ அதிகமாயிடுச்சா? தைச்சு வச்ச துணியெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கு. ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டுத் துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அப்பா என் நோட்டை எடுத்து வந்தார். "பாருங்கம்மா, பன்னெண்டு, பதினாலு. என் பொண்ணே எண்ணுறா. நம்ம பக்கம் இல்லம்மா."

"அப்ப எங்க வீட்லதான் ஏதோ கோளாறு. பாப்பா எண்ணினா சரியாத்தான் இருக்கும்." அத்தை சட்டையை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டகையின் கோடிக்கு ஓடினேன்.

மூன்றாவது அட்டையில் வெள்ளையே இல்லை. தொட்டிக்குப் பின்னால், கோழிகள் எட்டாத இடத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஊறிப்போன எருவில் புழுக்கள் நெளிந்தன.

அட்டையை அப்பாவிடம் நீட்டினேன். "அப்பா, நான் எண்ணவே இல்ல. சும்மா எழுதினேன்."

அப்பா திட்டவில்லை. "அந்த அம்மாகிட்ட நோட்டைக் காட்டிட்டேனே..." என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவர் குழாயைச் சரிசெய்தார். நான் ஈர எருவை வாரி முற்றத்தில் பரப்பினேன். கோழிகள் புழுக்களுக்காக முட்டி மோதின. அன்று எங்கள் வீட்டில் சந்தோஷமாக இருந்தவை அவை மட்டும்தான்.

பிறகு அத்தையிடம் போனேன். "அத்தை, ஈ எங்க வீட்டுதுதான். நான் பொய்யா எழுதிட்டேன். அந்தத் துணியெல்லாம் நானே துவைச்சுத் தரேன்."

"இப்பவாவது சொன்னியே," என்றார் அத்தை. உள்ளே தோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று அட்டையைக் காட்டினேன். "நேத்து அவ டப்பாவுல விழுந்தது எங்க கொட்டகை ஈ. அவங்க வீடு சுத்தமான வீடு."

"ஓகோ, ஈப் பண்ணை முதலாளியா?" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மூன்று சனிக்கிழமைகள் நான் தனியாகவே எண்ணினேன். நான்காவது சனிக்கிழமை அவள் வாசலில் வந்து நின்றாள்.

"மூணாவது அட்டை எங்க?"

"கோடியில. நாறும்டி."

"பரவால்ல."

நான் எண்ணினேன். "ஒன்பது."

அவள் அட்டையை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்து மறுபடி எண்ணினாள்.

"ஒன்பதுதான்," என்றாள். பிறகு நோட்டை வாங்கி, அவளே எழுதினாள்.