நான்காம் மாடி வாடை

குழந்தை அழவில்லை. ரஞ்சனாவை முதலில் பயமுறுத்தியது அதுதான்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. மும்பை மாட்டுங்காவில் நான்காம் மாடி ஃப்ளாட். அவளுடைய ஒன்றரை வயது மகன் ப்ரணவ் தன் சின்னக் கட்டிலில் துவண்டு கிடந்தான். விடியற்காலையில் இரண்டு முறை வாந்தி. இப்போது கண்கள் செருகியிருந்தன. மூச்சு வேகமாக வாங்கியது. வாயிலிருந்து ஒரு நாற்றம். நாள் முழுக்க ஷூவுக்குள் வெந்த காலின் நாற்றம்.

வேலைக்காரி பூமாரியின் நாற்றம் என்று இரண்டு மாதமாக அந்த வீட்டில் பேசப்பட்ட அதே நாற்றம்.

பத்தரை மணிக்குள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிந்தது. ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது.

"எங்காத்து வேலைக்காரி தாராவி. புருஷனோட தோல் பட்டறைக் கெமிக்கல் ஏதோ கொடுத்திருக்கா" என்று ரஞ்சனா கதறினாள். டாக்டர் வந்தனா விஷம் என்று எழுதினார். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் மாற்று மருந்து கொடுக்க முடியும். அதைக் கண்டுபிடிக்க சப்-இன்ஸ்பெக்டர் ஷாலினி வந்தாள்.

"அவ புருஷன் தோல் பட்டறைன்னு அவளே சொன்னாளா?"

"சொல்லணுமா என்ன மேடம்? தாராவிதானே!"

"அவளோட ஏதாவது சண்டை?"

"சண்டை என்ன... கண்டிச்சேன். குளிச்சுட்டுத்தான் குழந்தையைத் தொடணும்னேன். தனி சோப்பு, தனி துண்டு. போன வாரம் கோவண்டியில தங்கைக்குப் பிரசவம்னு நாலு நாள் வரலை. அப்பவும் வீடு பூரா மருந்து விட்டு அலம்பினேன். நாத்தம் போனாத்தானே! மெத்தையிலேயே ஊறிப்போயிருக்கு."

"அந்த நாலு நாள் ஊட்டினது யாரு?"

"நான்தான். ஜுரத்துல இளைச்சுட்டான். பருப்பு, பால் கண்டாலே துப்புவான். அவ கஞ்சியும் வாழைப்பழமுமா குடுத்துப் பழக்கிட்டா. நான் விடலை. பனீர், புரோட்டீன் பவுடர்னு மூக்கைப் பிடிச்சாவது உள்ளே தள்ளினேன்." ரஞ்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க தமிழாச்சே மேடம். எங்கே இருக்கேள்?"

"செம்பூர்."

பொய்யில்லை. போலீஸ் குவார்ட்டர்ஸ் செம்பூரில்தான். பிறந்து வளர்ந்தது தாராவி என்பதை மட்டும் ஷாலினி விட்டுவிட்டாள்.

பகல் பன்னிரண்டு. ஸ்டேஷன் பெஞ்சின் விளிம்பில் பூமாரி உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை தோல் தேய்ந்து சிவந்திருந்தது. ஷாலினி உட்காருமுன் தன் நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுத்தாள். பூமாரி அதைப் பார்த்தாள். தானும் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தாள்.

"குழந்தைக்கு என்ன கொடுத்தே?"

"இன்னிக்கு நான் உள்ளயே போவல மேடம். வாசல்லயே அம்மா ஏசிட்டு நின்னாவ."

"புருஷனுக்குத் தோல் வேலையா?"

"தோலா? அவுக சட்டை தைக்காவ. மிசினுக்கு எண்ணெ விடுததோட சரி."

"அப்ப உன் மேல அந்த நாத்தம் எப்படி?"

பூமாரி தலை குனிந்தாள். "எனக்குத் தெரியலியே. மூணு சோப்பு மாத்திட்டேன். எம்புள்ளைய மடியில போடவே கூச்சமா இருக்கு."

"கையை நீட்டு."

ஷாலினி குனிந்து மோந்தாள். மருந்து சோப்பு வாசனை. வேறு ஒன்றுமே இல்லை. அப்படியானால் நாற்காலியை எதற்கு இழுத்தாள்? எந்த வாடைக்கு? அவள் காதுமடல் சுட்டது.

அந்தச் சூட்டில்தான் ரஞ்சனாவின் பேச்சு நினைவுக்கு வந்தது. பூமாரி வராத நான்கு நாளும் வீடு நாறியது!

போனை எடுத்தாள்.

"டாக்டர், அந்த வாடை குழந்தையோட உடம்புக்குள்ளேயிருந்தே வருமா?"

வந்தனா திருப்பிக் கேட்டார். "பருப்பு, பால் துப்புவானா?"

"கண்டாலே."

"கடவுளே! தோல் பட்டறைன்னு சொன்னதும் நானும் விஷத்தையே தேடிட்டேன்." அவர் குரல் தழைந்தது. "புரதம் எல்லாத்தையும் நிறுத்தறேன். குளுக்கோஸ் ஏத்தறேன். சிறுநீரை இப்பவே சோதனைக்கு அனுப்பறேன்."

புதன்கிழமை மாலை குழந்தை கண் திறந்தது. ஷாலினி பூமாரியை வார்டுக்கு அழைத்து வந்தாள். கட்டிலருகே ரஞ்சனாவும் அவள் கணவர் வைத்தீஸ்வரனும் நின்றிருந்தார்கள்.

"குற்றவாளி ஒரு நொதி" என்றாள் ஷாலினி. "இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை."

வந்தனா விளக்கினார். "உடம்புக்குள்ளே கோஎன்சைம் ஏ என்று ஒரு ஹமால், மூட்டை தூக்கும் கூலி, உண்டு. சாப்பாட்டின் துண்டுகளைச் சுமந்து படிப்படியாகக் கொண்டுபோகும். பருப்பு, பால், பனீர் எல்லாவற்றிலும் லூசின் உண்டு. அந்தச் சுமையோடு போகும்போது ஒரு கதவைத் திறக்கிற நொதி இவனுக்கு வேலை செய்யவில்லை. ஹமால்கள் சுமையோடு வாசலில் தேங்கி நிற்கிறார்கள். மற்ற வேலைக்கு ஆளில்லை. தேங்கிய சுமையிலிருந்து கசிகிற அமிலத்துக்குத்தான் வியர்த்த காலின் வாடை. ஜுரமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அம்மா அப்பா இரண்டு பேரும் கொடுத்தால்தான் இந்தக் குறை வரும். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள்."

வைத்தீஸ்வரன் தரையைப் பார்த்தார். "ரஞ்சனா என் மாமா பொண்ணு. பம்பாய்ல இதைச் சொன்னா சிரிப்பா. சொல்லாமலே பழகிடுத்து. முதல் குழந்தையும் பிறந்த வாரத்துலேயே இப்படித்தான் துவண்டு, போயிடுத்து."

ரஞ்சனா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பூமாரி இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"மேடம்," என்றாள் பூமாரி மெதுவாக. "அப்போ எம்மேல அது அடிக்கவே இல்லியா?"

"இல்லை பூமாரி. ஒருநாளும் இல்லை."

"பொறவு நீங்க எதுக்கு நாற்காலிய இழுத்திய?"

"நானும் தாராவிதாம்ட்டி," என்றாள் ஷாலினி, ரஞ்சனாவுக்கும் கேட்கும்படி. "செம்பூர்னு சொன்னேன்."

கட்டிலில் ப்ரணவ் பூமாரியைப் பார்த்துவிட்டான். இரண்டு கையையும் தூக்கினான். பூமாரி ஓரடி எடுத்து வைத்து நின்றாள். முந்தானையை முழங்கைக்கு மேல் ஒதுக்கிக்கொண்டு மூலையிலிருந்த குழாயைத் தேடினாள்.

"எஞ் சோப்பக் கொண்டாரலியே," என்றாள்.