ஐந்தாவது துளை

கைக்கடிகாரத்தின் முதுகு சூடாக இருந்தது.

நேற்று மதியம் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியது. இழுப்பறைச் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில்தான் தொங்குகிறது. சில்லென்று கிடக்க வேண்டிய உலோகம், யாரோ இப்போதுதான் கையிலிருந்து கழற்றி வைத்த மாதிரி இளஞ்சூடாக இருந்தது. ஓடிக்கொண்டும் இருந்தது. ஒருமுறை சாவி கொடுத்தால் ஒன்றரை நாள் ஓடும் வகை. வாங்கிய பத்து நாளில் அவள் ஒரு தடவைகூடச் சாவி கொடுக்கவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்க்காமல் பழைய வாட்சுக்குச் சாவி கொடுப்பவன் மடையன் என்பது அவள் கட்சி.

கொடுத்திருப்பேனோ? கொடுத்துவிட்டு மறந்திருப்பேனோ?

அந்தக் கேள்விதான் அவளைப் பயமுறுத்தியது. பேய் பிசாசெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஒரு வாட்சின் முகத்தில் மூழ்கிப்போனாள். பாத்திரம் கரிந்து வீடெல்லாம் புகை. எதிர்வீட்டுக்காரர் மகளுக்குப் போன் போட்டுவிட்டார். நல்ல மனுஷன்தான், நாசமாய்ப் போக. மகள் அலறியடித்து வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அழுகையும் கோபமுமாகச் சொன்னாள்: "இதான்மா கடைசி. இன்னொரு தடவ எதையாவது மறந்தேன்னு தெரிஞ்சுது, உன்னக் கேட்டுட்டு இருக்க மாட்டேன். ஹோம்ல சேத்துட்டு வீட்டப் பூட்டிடுவேன்."

சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். இன்று சனிக்கிழமை. மணி மூன்றரை.

இருநூற்றுப் பதினோரு வாட்சுகள். எல்லாம் பெண்களுடையவை. கணவர் போன பிறகு ஒன்றொன்றாய்ச் சேர்ந்தவை. மற்ற சேகரிப்பாளர்கள் கம்பெனி பார்ப்பார்கள், வருஷம் பார்ப்பார்கள், உள்ளே இயந்திரத்தில் எத்தனை மாணிக்கக்கல் என்று எண்ணுவார்கள். அவள் அதையெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் கட்டியிருந்தவளைப் பார்ப்பாள். விளிம்பு ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் நாள் முழுக்க மேசையில் கை ஊன்றி டைப் அடித்தவள். முதுகில் வேர்வை அரித்திருந்தால் தூங்கும்போதும் கழற்றாதவள். ஒவ்வொருத்திக்கும் ஓர் அட்டை எழுதிச் செருகிவைப்பாள். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வீட்டில் அந்த அட்டைகளோடு பேசுவதும் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொன்னால், தினமும் உண்டு.

இது பழைய சாமான் கடையில் கிடைத்தது. கட்டைவிரல் நகமளவு முட்டை முகம், கம்பெனிப் பெயர் அழிந்துபோனது. கடைக்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது, "எடுத்துட்டுப் போங்கக்கா. எங்கிட்ட செத்துக் கெடக்கறதெல்லாம் உங்க வீட்டுக்கு வந்தாத்தான் உசுரு பிடிக்குது" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும், வழக்கம்போல, நாற்றமடித்த பழைய தோல்வாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது வார் மாட்டினாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே அறை இருட்டியது. குளிர்ப்பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியதும், குழாயிலிருந்து சொட்டும் நீரும் உள்ளங்கையில் துடிக்கும் அந்தச் சின்ன முள்ளும் மட்டும்தான் வீட்டில் சத்தம். விளக்கைப் போட்டு, லென்ஸைக் கண்ணில் பொருத்தி, பதற்றத்தை அடக்க, அவளுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். பார்த்தாள்.

கீறல்கள் எல்லாம் வழக்கமாக விழும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில். வலது கையில் கட்டியவள். பிறகு வாரைத் திருப்பினாள்.

புது வார். பத்து நாளாக யார் கையிலும் ஏறாத வார். ஆனால் ஐந்தாவது துளையில் ஆழமாக ஒரு மடிப்பு. உள்பக்கம் வேர்வையில் கறுத்திருந்தது. மாதக்கணக்கில் கட்டினால்தான் தோல் அப்படி ஆகும்.

அவள் கைக்கு இரண்டாவது துளை. இருந்தாலும் கட்டிப் பார்த்தாள். பல்லைக் கடித்து இழுத்துப் பார்த்தாள். மூன்றாவதற்கே எட்டவில்லை. இடது கையிலும் இல்லை, வலது கையிலும் இல்லை.

"நான் இல்ல!" என்று வாய்விட்டுச் சொன்னாள். "அப்பாடா, நான் இல்ல! எனக்கு மறதி இல்ல!" கண்ணில் நீர் வந்துவிட்டது. மகள் வரட்டும். வாரைக் காட்டுவாள், துளையைக் காட்டுவாள். வீடு பிழைத்தது.

சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும்.

நான் இல்லையென்றால்?

வாட்சை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து உட்கார்ந்தாள். விரல்களில் பவுடர் வாசனை. அவள் பவுடர் பூசுவதில்லை.

மழை நின்றது.

இழுப்பறைக்குள், கிர்ர்.

மூச்சைப் பிடித்தாள்.

கிர்ர். கிர்ர். அவசரமில்லாமல். யாரோ சாவி கொடுத்தார்கள். முழுதாகச் சுற்றி முடிந்ததும், நின்றது.

வலது கை மரத்துப்போயிருந்தது. எப்போதிருந்து என்று தெரியவில்லை.

அழைப்பு மணி.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மகள் குடையை மடக்கிக்கொண்டே முகத்தைப் பார்த்தாள். "என்னம்மா, இப்படி வேர்த்திருக்கு?"

"வா, வா. உனக்கு ஒண்ணு காட்டணும். நான் எதையும் மறக்கலடி. இப்ப நீயே பாரு." இடது கையாலேயே சாவியைப் போட்டு இழுப்பறையைத் திறந்தாள்.

காலி.

"இங்கதான்டி வச்சேன்! பூட்டித்தான் வச்சேன்! சத்தியமா!"

மகள் காலி இழுப்பறையைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு, குழந்தையிடம் பேசும் குரலில்: "அம்மா. உன் கையிலதானே கட்டியிருக்க."

குனிந்து பார்த்தாள்.

வலது கை. ஐந்தாவது துளை. இறுக்கமே இல்லை.

வாருக்குள் இருந்த மணிக்கட்டு சுள்ளி மாதிரி இருந்தது. வெளிறிய தோல். நீண்ட நகம். அந்தக் கை அவள் முழங்கையில் தொடங்கி, அவளுடையதல்லாத விரல்களில் முடிந்தது.

மகளின் கண்கள் நிறைந்திருந்தன. எதையும் சரியாகப் பார்க்கவில்லை. "எவ்ளோ எளச்சுட்டம்மா... தனியா விட்டது என் தப்பு. துணியெல்லாம் எடுத்து வைக்கிறேன். இன்னைக்கே கிளம்பலாம்."

கிட்ட வராதே என்று கத்த நினைத்தாள். நாக்கு புரளவில்லை.

அந்தக் கை எழுந்தது. அவளைக் கேட்காமல். கட்டைவிரலும் நடுவிரலும் மகளின் மணிக்கட்டைச் சுற்றி மெதுவாக வளைந்தன.

"சரிம்மா, சரி. நான் இருக்கேன்ல" என்று மகள் அந்தக் கையைத் தடவிக்கொடுத்தாள்.

விரல்கள் சற்று மேலே நகர்ந்தன. சற்றுக் கீழே. மெலிந்த இடத்தில் நின்று, அளவெடுத்தன.