சுவருக்கு அந்தப் பக்கம்

மேலச்சிந்தாமணியில் இருந்த அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றில் லிசியின் குடும்பம் இருந்தது. இன்னொன்றில் யாரும் இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால் காவலாளி பிச்சைமுத்து ஒத்துக்கொள்ள மாட்டார்.

"ஆள் இல்லைன்னு சொல்லு பாப்பா. ஒண்ணுமே இல்லைன்னு சொல்லாத" என்பார், குரலைத் தாழ்த்தி.

அன்று சனிக்கிழமை. மாலை வருவதற்குள்ளேயே வானம் இருட்டிவிட்டது. சமையலறை ஜன்னலில் எப்போதும் தெரிகிற காவிரியும், அக்கரையில் ஸ்ரீரங்கத்துக் கோபுரமும் மழையில் காணாமல் போயிருந்தன. அப்பா மதுரைக்குப் போயிருந்தார். அம்மா மருத்துவமனையில் நர்ஸ். ஏழு மணிக்குத்தான் வருவார்.

அதற்குள் அம்மாவுக்காக ஷூ பேஸ்ட்ரி செய்து அசத்திவிட வேண்டும் என்று லிசி நினைத்திருந்தாள். பலூன் மாதிரி உப்பி, உள்ளே காலியாக இருக்கும் பலகாரம் அது. அந்தக் காலி இடத்தில் க்ரீமை நிரப்ப வேண்டும். ஓவனைத் தொட அம்மா போன வாரம்தான் அனுமதி தந்திருந்தார். "பக்கத்துலயே நிக்கணும். எரிய விட்டுட்டு எங்கேயும் போகக் கூடாது, சரியா?"

"ஷூவை யாராவது திம்பாங்களாக்கா?" என்று தம்பி டோமினிக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆறு வயது.

கொதிக்கும் தண்ணீரிலும் வெண்ணெயிலும் மைதாவைக் கொட்டி, கொழுக்கட்டை மாவு போலக் கிளறினாள் லிசி. சற்று ஆறியதும் முட்டைகளை ஒவ்வொன்றாக ஊற்றி, கை வலிக்க வலிக்க அடித்தாள். வீட்டில் இருந்த முட்டை அவ்வளவுதான். மரக்கரண்டியில் ஒட்டிய மாவு விழுவதற்காகப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டினாள்.

டொக், டொக்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

டொக், டொக்.

டோமினிக் அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, அது காலி வீடுதானே?"

"தண்ணிக் குழாய்டா" என்றாள் லிசி. அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. மாவைச் சிறு சிறு உருண்டைகளாகத் தட்டில் வைத்து, ஓவனுக்குள் தள்ளினாள்.

கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சத்தில் உருண்டைகள் மெல்ல உப்பத் தொடங்கின. யாரோ மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பது போல இருந்தது.

டொக், டொக், டொக். இந்த முறை சுவர்தான் முதலில் தட்டியது.

லிசி கரண்டியை எடுத்தாள். நான்கு முறை தட்டினாள். நான்கு முறை பதில் வந்தது.

"பேய்க்கு எண்ணத் தெரியுமாக்கா?"

அப்போது புகைபோக்கி விசிறியின் ஓட்டை வழியாக ஒரு குரல் வந்தது. கரகரவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. வார்த்தை புரியவில்லை. பிறகு அது அழுதது. டோமினிக் மேஜைக்கு அடியில் போய்விட்டான். லிசிக்கும் அங்கேயே போய்விட வேண்டும் போலத்தான் இருந்தது.

அழுகை நின்றது. அதற்குப் பின் ஒரு சின்ன சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

லிசி நிமிர்ந்து நின்றாள். "டேய், பேய்க்கு சளி பிடிக்குமா?"

"தெரியலையே."

"பிடிக்காது. அங்கே யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க."

ஓவனைப் பார்த்தாள். உருண்டைகள் எல்லாம் அழகாக எழும்பி நின்றன. இன்னும் கால் மணி நேரம் வேண்டும். இப்போது சூட்டை நிறுத்தினால் அமுங்கிவிடும். எரிய விட்டுவிட்டும் போக முடியாது. உருண்டைகளைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, சுவிட்சை அணைத்தாள்.

கீழே ஓடிப் போய் விஷயத்தைச் சொன்னபோதும், பிச்சைமுத்து நாற்காலியை விட்டு அசையவில்லை.

"மத்தியானத்துலேருந்து நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் பாப்பா. அது கூப்பிடும். நாம பதில் சொல்லக் கூடாது."

"கேட்டுட்டா சும்மா இருந்தீங்க?" லிசிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க வாங்க, வராட்டிப் போங்க. நான் போறேன்."

அவள் ஓடினாள். பின்னால் டோமினிக். அவனுக்கும் பின்னால், வேறு வழியில்லாமல், பிச்சைமுத்து.

காலி வீட்டின் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளியதும் க்ரீச் என்று திறந்தது. உள்ளே இருட்டு. தரையெல்லாம் ஈரம். சமையல் மேடையின் மேல் ஒரு கைப்பேசி தானாகவே ஒளிர்ந்து, நடுங்கி, அணைந்தது. பிச்சைமுத்து "முருகா" என்றார்.

"யாருங்க உள்ளே?" என்றாள் லிசி.

குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "கதவு மாட்டிக்கிச்சும்மா... திறக்க முடியலை..."

மழை ஈரத்தில் மரக்கதவு உப்பி, நிலையில் இறுகிப்போயிருந்தது. லிசியால் அசைக்க முடியவில்லை. பேய் இல்லை என்று தெரிந்ததும் பிச்சைமுத்துவுக்கு எங்கிருந்தோ வீரம் வந்தது. தோளைக் கொடுத்து மூன்று இடி இடித்தார். கதவு திறந்தது.

நனைந்த புடவையோடு ஒரு பெண் நின்றார். கையில் தண்ணீர் மொண்டு ஊற்றும் குவளை. அதைக் கொண்டுதான் இவ்வளவு நேரமும் தட்டியிருக்கிறார்.

அவர் பெயர் பிரேமலதா. மண்ணச்சநல்லூர்க்காரர். நாளை காலை இந்த வீட்டில் பால் காய்ச்சிக் குடிவருவதற்காக, இன்று கழுவிவிட வந்திருக்கிறார். அவர் வந்த நேரம் பிச்சைமுத்து சாப்பிடப் போயிருந்தார்.

"கத்திக் கத்திக் குரலே போயிடுச்சு" என்றார், லிசி வீட்டு நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு. "பின்பக்க ஜன்னல் வழியாத்தான் கத்தினேன். கீழ் வீட்டு ஜன்னலைப் படார்னு சாத்தினாங்க. யாருமே வர மாட்டாங்கன்னு விட்டுட்டேன். அப்போதான் நீ தட்டின."

லிசி ஓவனைத் திறந்தாள். எல்லாம் அமுங்கிப்போய், தட்டையாக, சோர்ந்து கிடந்தன. அவளுக்கு மனசு கனத்தது. அவற்றின் மேல் க்ரீமைத் தடவி, தயங்கித் தயங்கி நீட்டினாள். பிரேமலதா ஒன்றைத் தின்றார். இன்னொன்றை எடுத்தார். பிச்சைமுத்து கேட்காமலேயே எடுத்தார்.

"இப்படி ஒரு பலகாரம் நான் சாப்பிட்டதே இல்லம்மா" என்றார் பிரேமலதா. நிஜமாகவே பசி அவருக்கு. பிறகு டோமினிக்கைப் பார்த்துச் சிரித்தார். "நாளையிலேருந்து அந்த வீட்டுல சத்தம் கேட்டா பயப்படாதே கண்ணு. நான்தான்."

டோமினிக் சுவரைப் பார்த்தபடி யோசித்தான்.

"நீங்கதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெளியே மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. பிச்சைமுத்து வாயருகே கொண்டுபோனதைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"போய்க் கதவைத் திறந்து பார்த்துக்குவோம்டா" என்றாள் லிசி, அம்மாவுக்காக இரண்டை எடுத்து மூடி வைத்தபடி.