நெஞ்சைப் பிடித்த விளையாட்டு

இட்லிக்கு ஊற்றிய சாம்பாரில் உப்பில்லை என்று மூன்று முறை சொன்னேன். என் மனைவி பரிபூரணம் பதில் சொல்லவில்லை. புறவாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அம்மா..." என்று நாற்காலியில் சாய்ந்தேன். வேடிக்கைக்குத்தான். நாக்கைக்கூட ஓரமாகத் தள்ளி வைத்திருந்தேன்.

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தபோது, ஓடி வந்தவள் சோப்புத் தண்ணீரில் வழுக்கி, வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அதற்கு நான்கு மாதம் முன்புதான் மதுரையில் எனக்கு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். நெஞ்சைக் கிழிக்கவில்லை. தொடை ரத்தக் குழாய் வழியே புது வால்வை அனுப்பி உட்கார வைத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் தழும்பைக் கேட்டார்கள். அது இருக்கிற இடத்தைக் காட்ட முடியாது. காட்டாவிட்டால் ஆபரேஷனையே நம்ப மறுத்தார்கள்.

பரிபூரணம் மட்டும் நம்பினாள். அதுதான் என் கஷ்டகாலம். மாடிப்படி கூடாது, டீக்கடை கூடாது, குடத்தைத் தொடவே கூடாது. போலீஸ் வேலையில் எத்தனையோ பேரை உள்ளே தள்ளியவன், ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்த வீட்டில் ஜாமீனில்லாமல் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என்னதான் சொன்னார் என்று கேட்டால், "சும்மா இருங்க" என்பாள். முதல் மாதச் செக்கப்பில் டாக்டர் பேசும்போது நான் வெளியே வேர்க்கடலை வாங்கப் போயிருந்தேன். என் லட்சணம் அது.

கட்டுப் போட்டதும் வீட்டு வேலை என் தலையில் விழுந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தோளில் சுமந்து வருகிறேன். ராஜபாளையத்திலிருந்து வந்த என் அக்கா இசக்கியம்மாள் வாசலில் நிற்கிறாள்.

"ஏட்டி, வால்வு மாத்துன மனுசன குடம் தூக்க விட்டுட்டு நீ உக்காந்திருக்கியா? கண்ணு மண்ணு தெரியாம விழுந்தது நீ. தண்டனை என் தம்பிக்கா?"

"சோப்புத் தண்ணி, மதினி. நாந்தான் பாக்கல."

மூன்று வாரமாக எல்லோரிடமும் அவளுக்கு இதே வாக்குமூலம். என் பெயரை ஒரு தடவைகூடச் சேர்க்கவில்லை. கூட்டாளியை இப்படிக் காட்டிக்கொடுக்காத ஆளை நான் எந்த ஸ்டேஷனிலும் பார்த்ததில்லை.

குடத்தை இறக்கினேன். "அவ விழலக்கா. நாந்தான் விழ வச்சேன்" என்று, நாக்கைத் தள்ளியதுவரை ஒப்புக்கொண்டேன். அக்கா பரிபூரணத்தின் கட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியது. "வால்வ மாத்துன டாக்டரு மூளையவும் ஒரு பார்வ பாத்திருக்கலாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தானே சமைத்து வைத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குப் போனாள்.

அதன்பின் பரிபூரணத்தை முன்னால் உட்கார வைத்துத் தலை பின்னினேன். மூன்று வாரப் பயிற்சிக்குப் பிறகும் அது தேர்வடம் திரித்த மாதிரிதான் வருகிறது.

"குடம் தூக்குறேன், மாவாட்டுறேன். மூச்சு வாங்கல. இப்பவாவது சொல்லு, டாக்டர் என்ன சொன்னாரு?"

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. "எல்லா வேலையும் செய்யலாம்னுட்டாரு. முதல் மாசமே."

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. "நல்லாயிட்டேன்னு தெரிஞ்சும் அன்னைக்கு ஏன் ஓடி வந்த?"

"நானா ஓடுனேன்? காலு ஓடுச்சு. டாக்டர் சொன்னது அதுக்குத் தெரியாதுல்ல."

"சரி... எங்கிட்ட ஏன் மறைச்ச?"

ஏதாவது வேடிக்கை சொல்லி மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அது என் வழக்கம், அவள் வழக்கமில்லை.

"வேலையில இருந்த முப்பத்தோரு வருசமும் ஆடிப்பூரத் தேருக்கு நீங்க பந்தோபஸ்து, நான் தனியா. ரிட்டையரானா நாள் பூரா டீக்கடை அரட்டை. இந்த அஞ்சு மாசந்தான் எங்கூட வீட்ல இருந்தீங்க. சொன்னா போயிருவீங்கன்னு பயந்தேன். அதான் சொல்லல."