காது வைத்த சுவர்

ஷூ கயிற்றைக் கட்டக் கணவர் குனிந்தபோதுதான் அந்தக் கறை அவள் கண்ணில் பட்டது. பஸ் சீட்டின் தலைப்பக்கம் போட்டிருந்த வெள்ளைத் துணியில், அவர் காது அழுந்தியிருந்த இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஈரம்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருடம் மேற்பார்வை பார்த்தவள் அவள். ரத்தமோ சீழோ வாந்தியோ, கறையைப் பார்த்தே எந்த வார்டுத் துணி என்று சொல்லிவிடுவாள். “சொர்க்கத்துக்குப் போனாலும் இவ போர்வையை மோந்து பாத்துட்டுத்தான் படுப்பா” என்று கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இந்தக் கறை மட்டும் பிடிபடவில்லை. ஓரத்தில் மஞ்சள், நடுவில் பாசிப் பச்சை. விரலால் தொட்டாள். நூல் நூலாக இழுபட்டது. பூ ஜாடியில் பத்து நாள் அழுகிய தண்ணீரின் நாற்றம், அதற்கு அடியில் தொண்டையை அடைக்கும் ஒரு தித்திப்பு.

தீவு தீவாகப் பஸ்ஸில் சுற்றிக்காட்டும் பயணம். மூன்றாம் நாள். காலையில் பார்த்தது ஒரு பழைய கல் கிடங்கு. “கடலுக்குப் போய்த் திரும்பாதவங்க குரல் இந்தச் சுவருக்குள்ள இருக்குன்னு முந்நூறு வருஷமா சொல்றாங்க. வெக்கப்படாம காதை வெச்சுக் கேளுங்க” என்றாள் வழிகாட்டிப் பெண், முதலில் தன் காதை வைத்துக் காட்டியபடி. சுவர் கறுத்து வியர்த்திருந்தது. எத்தனையோ பேர் காது வைத்து வைத்து, ஆள் உயரத்தில் குழி குழியாகத் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு குழியிலும் யாருடைய முடியோ, யாருடைய பிசுக்கோ. அவள் நான்கடி பின்வாங்கினாள்.

“ஊரார் எச்சில் டம்ளர்ல குடிக்கிற மாதிரி இருக்கு. எனக்கு வேணாம் அண்ணி.”

“உனக்கு எதுதான் அழுக்கில்ல?” என்று சொல்லிவிட்டுக் கணவரின் அக்கா இரண்டு முறை காது வைத்தாள். கணவர் மூன்று முறை.

இப்போது பஸ் அடுத்த தீவுக்குப் போகும் கல்பாதையில் ஊர்ந்துகொண்டிருந்தது. இரு பக்கமும் கடல் இருக்க வேண்டும், பனிமூட்டம்தான் தெரிந்தது. நண்பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். ஜன்னல்கள் அத்தனையும் மூடியிருக்க, அந்த நாற்றம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்தது.

கைக்குட்டையை எடுத்துக் கணவரின் காதை ஒற்றினாள்.

“வலிக்குதாங்க?”

“இல்லையே. நல்லா இருக்கு.”

துணி நுனியில் எதுவோ தட்டுப்பட்டது. மெத்தென்று. தொட்டதும் சுருங்கி உள்ளே போனது. கைக்குட்டையை உதறிப் போட்டாள்.

“உள்ள ஏதோ இருக்குங்க. பூச்சி மாதிரி.”

“சும்மா இரும்மா. கேட்டுட்டிருக்கேன்.”

“என்ன கேக்குது?”

மழலைப் பேச்சு கேட்பவர்போல முகத்தில் ஒரு சிரிப்பு மட்டும்.

பின்சீட்டுக்குத் திரும்பினாள். அண்ணியின் தலை ஒருபுறம் சாய்ந்திருந்தது. காதிலிருந்து வழிந்த பச்சை கழுத்துச் சங்கிலியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. “அண்ணி!” கண் திறந்துதான் இருந்தது. அசையவில்லை.

எழுந்து நின்று பார்த்தாள். அத்தனை தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, வழிகாட்டிப் பெண்ணின் தலை உட்பட. சேற்றிலிருந்து காலை உருவும் சத்தம் மட்டும். மிகச் சின்னதாக. சீட்டுக்குச் சீட்டு.

முன்னால் ஓடினாள். டிரைவரின் பிடரி வியர்த்திருந்தது.

“நிறுத்துங்க! எல்லாருக்கும் என்னமோ ஆயிடுச்சு.”

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “நீங்க காது வைக்கலையா?”

“இல்ல.”

பஸ்ஸை நிறுத்தினார். கதவு திறந்தது. குளிர்ந்த, சுத்தமான காற்று. “வர்றதுன்னா இப்பவே வாங்கம்மா. நடந்தே போயிடலாம்.”

“எங்க வீட்டுக்காரர்…”

“அவரை விட்டுட்டு.”

ஒரு கால் படியில் இருந்தது. முப்பத்தோரு வருடக் குடித்தனம். திரும்பி உள்ளே ஓடினாள். டிரைவர் காத்திருக்காமல் இறங்கிப் பனிமூட்டத்துக்குள் நடந்துவிட்டார். கதவு தானாக மூடிக்கொண்டது.

“எழுந்திரிங்க. இறங்கலாம். எழுந்திரிங்க!”

கையைப் பிடித்து இழுத்தாள். கை குழைந்தது, ஊறிய துணிபோல. இழுத்த வேகத்தில் அவளே சீட்டில் விழுந்தாள். அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. கனமாக. காது மேலே பார்த்தபடி.

அது வெளியே வந்தது.

நத்தையின் கொம்புபோல. வெள்ளையாக. ஈரமாக. நுனி அசைந்து அசைந்து தேடியது. அவள் கன்னத்தைத் தொட்டது. நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று.

அவர் தலையைத் தள்ளினாள். நகரவில்லை.

கணவரின் உதடுகள் மூடியே இருந்தன. குரல் அவருடையதுதான். காதுக்குள்ளிருந்து வந்தது. அன்பாக.

“கொஞ்சம் கிட்ட வாம்மா. இங்க இடம் பத்தல.”